வாசகர் கேள்வி – பதில்: ஊர் மாறும்போது பிள்ளைக்கு எந்த உயர்நிலைப் பள்ளி?

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். என் கணவருக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை கிடைத்து, வரும் ஜூன் மாதம் மதுரையிலிருந்து குடும்பத்தோடு அங்கே வருகிறோம். மகள் இங்கே ஆங்கில வழிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். செப்டம்பரில் 14 வயது நிறைகிறது. உம்லாங்கா பக்கம் வீடு பார்க்கிறோம். கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளி, ஐ.இ.பி. என்ற தனியார் தேர்வு வாரியத்தின் தேர்வுக்கு அனுப்பும் தனியார் பள்ளி, கேம்பிரிட்ஜ் பாடத்திட்டப் பள்ளி என்று மூன்று வகைப் பள்ளிகளைச் சொல்கிறார்கள். மகளுக்கு மருத்துவம் படிக்க ஆசை. நான்கைந்து ஆண்டுகளில் ஊர் திரும்பினாலும் திரும்புவோம். எதைத் தேர்ந்தெடுப்பது? தமிழை மறந்துவிடுவாளோ என்ற கவலையும் இருக்கிறது.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் பள்ளிகளின் கட்டிடம், மைதானம், நீச்சல் குளம், கட்டணம் எல்லாம் விரிவாக இருந்தன, இடம் கருதி அவற்றைச் சுருக்கிவிட்டேன். உங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தெந்தப் பாடங்களில் தேர்வு எழுதப் போகிறாள் என்பது மட்டும் அதில் இல்லை. இங்கே பள்ளி தேடும் நம்மவர்கள் பலரும் பள்ளியின் பெயரில் தொடங்கி, பாடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கடைசித் தேர்விலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால், எந்தப் பள்ளி பொருந்தும் என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

முதலில் வகுப்பைத் தீர்மானித்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, நான்கு பருவங்கள். உயர்நிலைப் பள்ளி என்பது கிரேடு 8 முதல் கிரேடு 12 வரை. 14 வயது நிறையும் ஆண்டில் ஒரு பிள்ளை கிரேடு 8-இல் இருப்பது வழக்கம். ஜூலையில் மூன்றாம் பருவம் தொடங்கும்போது உங்கள் மகளைக் கிரேடு 8-இல் சேர்த்தால் படித்ததையே பாதி ஆண்டு திரும்பப் படிப்பதுபோல் தோன்றும். கிரேடு 9-இல் சேர்த்தால் பாதி ஆண்டுப் பாடத்தை விட்டுவிட்டு நடுவில் நுழைவதாக இருக்கும். நான் கிரேடு 8-ஐத்தான் சொல்வேன். மெட்ரிக் தேர்வுக்கான பாடங்களைப் பிள்ளைகள் கிரேடு 9 படிக்கும்போது தேர்ந்தெடுத்து, கிரேடு 10-இல் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பாக ஒன்றரை ஆண்டு காலம் புதிய ஊரையும் புதிய ஆங்கில உச்சரிப்பையும் பழகிக்கொள்ள அவளுக்குக் கிடைக்கும். அந்தப் பாதி ஆண்டை இழப்பாக எண்ண வேண்டாம். (நம் ஊரில் மெட்ரிக் என்றால் பத்தாம் வகுப்பு நினைவுக்கு வரும், இங்கே மெட்ரிக் என்றால் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிகளோடு பேசும்போது இந்தக் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இனி நீங்கள் சொன்ன மூன்று வகைப் பள்ளிகள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வும் ஐ.இ.பி. தேர்வும் ‘நேஷனல் சீனியர் சர்ட்டிபிகேட்’ என்ற ஒரே சான்றிதழுக்கானவை. வினாத்தாள் அமைப்பவர்கள் வேறு. இரண்டின் தரத்தையும் பார்த்துச் சான்றிதழ் வழங்குவது உமலூசி என்ற ஒரே மன்றம். கிரேடு 10 முதல் ஏழு பாடங்கள் உண்டு: இரண்டு மொழிகள், ஒரு கணிதப் பாடம், லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்வியல் பாடம், விருப்பப் பாடங்கள் மூன்று. மருத்துவம் நினைக்கும் பிள்ளை எடுக்கும் அறிவியல் பாடங்கள் லைஃப் சயின்சஸ் என்ற உயிரியலும் பிசிக்கல் சயின்சஸும். இந்தப் பிசிக்கல் சயின்சஸில்தான் இந்தியப் பெற்றோருக்கான சிக்கல் இருக்கிறது. முதல் தாள் இயற்பியல், இரண்டாம் தாள் வேதியியல். ஆனால் பாடம் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் வரியும் ஒன்று. இந்தியாவில் மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு எழுத வேண்டுமானால், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்துத் தேறியிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சான்றிதழ்களின் இணைத்தன்மையைச் சொல்வது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். இரண்டு அறிவியலும் ஒரே பாடமாக அமைந்த சான்றிதழ் உங்கள் மகளின் நோக்கத்துக்குப் போதுமா என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். இதைக் கிரேடு 10 தொடங்குமுன் செய்ய வேண்டும். கிரேடு 12-இல் கேட்டுப் பயனில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் ராண்டைத் தாண்டும் கட்டணம் செலுத்தி ஐ.இ.பி. பள்ளியில் படித்தாலும் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேம்பிரிட்ஜ் முறையின் இறுதித் தேர்வான ஏ லெவலில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தனித்தனிப் பாடங்கள். ஆகவே ஊர் திரும்புவது உறுதி, மருத்துவம்தான் படிப்பு என்றால் அந்த வழியே உறுதியானது. ஆனால் இங்குள்ள கேம்பிரிட்ஜ் பள்ளிகள் பலவற்றில் பன்னிரண்டாம் ஆண்டில், ஏ லெவலின் முதல் பாதியான ஏ.எஸ். நிலையோடு பிள்ளைகள் வெளியேறிவிடுகிறார்கள். முழு ஏ லெவலுக்கு மேலும் ஓராண்டு ஆகும், சில பள்ளிகள் அதை நடத்துவதே இல்லை. “ஏ லெவல் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்காமல், சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகள் வேதியியலில் முழு ஏ லெவல் எழுதினார்கள் என்று கேளுங்கள். நீட் தேர்வுக்கு நம் நாட்டுப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தனியே படிக்க வேண்டியிருக்கும் என்பது எந்தப் பள்ளிக்கும் பொது. தென்னாப்பிரிக்காவிலேயே மருத்துவம் படிக்க வைக்கலாம் என்று நினைத்திருந்தால், இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் வெளிநாட்டுக் குடிமக்களுக்கான இடங்கள் மிகக் குறைவு என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

“திரும்பினாலும் திரும்புவோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் நான் உங்கள் இடத்தில் இருந்தால், வீட்டுக்கு அருகிலுள்ள நல்ல அரசுப் பள்ளியில் இப்போது சேர்த்துவிட்டு, அவள் கிரேடு 9-இன் நடுப்பகுதிக்கு வரும்போது மறுபடி உட்கார்ந்து யோசிப்பேன். கேம்பிரிட்ஜ் பள்ளிகளிலும், ஏ லெவலுக்கு முந்தைய படியான ஐ.ஜி.சி.எஸ்.இ. பாடம் பெரும்பாலும் கிரேடு 10-ஐ ஒட்டியே தொடங்குகிறது. ஆகவே அந்த நேரத்தில் மாறுவது பிள்ளைக்குப் பெரிய இடறலாக இராது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் ஆசையை மதித்து, அதே சமயம் வழியை மூடிவிடாமல் வைத்திருக்க இதுவே ஏற்றது என்று நினைக்கிறேன்.

மொழியைப் பற்றி ஒரு செய்தி. பள்ளிக் குறிப்பேட்டில் ‘ஹோம் லாங்குவேஜ்’, ‘ஃபர்ஸ்ட் அடிஷனல் லாங்குவேஜ்’ என்ற சொற்களைக் காண்பீர்கள். முதலாவதைப் பார்த்து வீட்டில் பேசும் மொழியைக் கேட்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். அவை பாடத்தின் கடின நிலையைக் குறிக்கும் பெயர்கள். ஆங்கில வழிப் பள்ளிகளில் ஆங்கிலம் முதல் நிலையிலும், ஜூலு அல்லது ஆப்பிரிக்கான்ஸ் அடுத்த நிலையிலும் இருக்கும். கிரேடு 7-இலோ அதற்குப் பிறகோ முதன்முதலாக இந்த நாட்டுப் பள்ளியில் சேரும் பிள்ளையைக் ‘குடியேறிய மாணவர்’ என்று வகைப்படுத்தி, ஓர் ஆட்சிமொழி மட்டும் எழுதவும், மற்றதற்குப் பதிலாக வேறொரு பாடம் எடுக்கவும் அனுமதிக்கும் விதி மெட்ரிக் தேர்வில் உண்டு. பள்ளி வழியாகக் கல்வித் துறைக்கு விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும், தானாக வராது. உங்கள் மகளுக்கு அந்தச் சலுகை பயன்படும். ஆனாலும் கிரேடு 8, 9-இல் அவள் ஜூலு வகுப்பில் உட்காரட்டும் என்றே விரும்புகிறேன். டர்பன் இருக்கும் குவாசூலு–நட்டால் மாகாணத்தில் பெரும்பான்மை மக்கள் பேசும் மொழி அது. பக்கத்தில் இருக்கும் தோழி தன் தாயோடு பேசுவது புரியாமலே ஐந்து ஆண்டுகளை ஒரு பிள்ளை கழிக்க வேண்டியதில்லை.

பள்ளியின் தரத்தைப் பார்ப்பதற்கு எல்லோரும் மெட்ரிக் தேர்ச்சி விழுக்காட்டைச் சொல்வார்கள். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். கணிதத்தில் 30 மதிப்பெண் எடுத்தாலே அந்தப் பாடத்தில் தேர்ச்சி என்று கணக்கு. பட்டப்படிப்புக்குத் தகுதியான தேர்ச்சி என்றால், நான்கு பாடங்களிலேனும் 50-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆகவே பள்ளியில் ஐந்து எண்களைக் கேளுங்கள்: சென்ற ஆண்டு மெட்ரிக் எழுதியவர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டப்படிப்புத் தகுதி பெற்றவர் எத்தனை பேர், கணிதம் எழுதியவர் எத்தனை பேர், அதில் 60-க்கு மேல் எடுத்தவர் எத்தனை பேர், அதே மாணவர்கள் கிரேடு 10-இல் இருந்தபோது அந்த வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள். கடைசி எண் மிக முக்கியம். கிரேடு 10-இல் 200 பேர் இருந்து, மெட்ரிக்கில் 120 பேர் எழுதி, 100 விழுக்காடு தேர்ச்சி என்று ஒரு பள்ளி பலகை வைத்தால், எஞ்சிய 80 பேர் எங்கே போனார்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் தலைமையாசிரியர் இருக்கும் பள்ளியை நான் மதிப்பேன்.

‘மாடல் சி’ என்ற சொல்லை வந்த முதல் வாரமே கேட்பீர்கள். இனவொதுக்கல் காலத்தில் வெள்ளையருக்கென இருந்து, 1990-களில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட அரசுப் பள்ளிகளை மக்கள் இன்றும் அப்படி அழைக்கிறார்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் போன்ற பகுதிகளின் பள்ளிகள் அன்று இந்தியருக்கென ஒதுக்கப்பட்டவை. அந்த வேறுபாட்டின் தழும்பு கட்டிடங்களிலும் மைதானங்களிலும் இன்னும் தெரியும். வகுப்பறையில் நடக்கும் பாடத்தின் தரத்தை அது சொல்லிவிடாது. டர்பனில் இந்தியருக்கு முறையான உயர்நிலைக் கல்விக்கு இடமில்லாதிருந்த நாளில், இந்திய அரசின் முதல் முகவராக 1927-இல் வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் இங்குள்ள நம் மக்களிடம் நிதி திரட்ட, 1929-இல் எழுந்ததுதான் சாஸ்திரி கல்லூரி என்ற பள்ளி. கரும்புத் தோட்டக் கூலிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதில் படித்து ஆசிரியர்களும் மருத்துவர்களும் ஆனார்கள். நீச்சல் குளம் இல்லாத ஒரு பள்ளியை அந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளிவிடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தொலைவும் ஒரு பெரிய விஷயம். பள்ளிகள் காலை ஏழரை மணியளவில் தொடங்கி, பிற்பகல் இரண்டு, இரண்டரைக்கு முடிந்துவிடும். அதன் பிறகு விளையாட்டு, கலைப் பயிற்சிகள் நடக்கும். மதுரையில் இருப்பதுபோல் பிள்ளை நகரப் பேருந்தில் தனியே ஏறி வருவதை இங்கே பெற்றோர் விரும்புவதில்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து முறைவைத்தோ, ஓர் ஓட்டுநருக்கு மாதப் பணம் கொடுத்தோ பிள்ளைகளை அழைத்துச் செல்வதை ‘லிஃப்ட் கிளப்’ என்பார்கள். வீட்டிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெயர் பெற்ற பள்ளியில் சேர்த்தால், லிஃப்ட் கிளப் வண்டி இரண்டரைக்குக் கிளம்பிவிடும் என்பதற்காக மாலைப் பயிற்சி எதிலும் அவள் சேர முடியாமல் போகும். புதிதாக வந்த பிள்ளைக்கு நட்பு அமைவதோ அந்த மாலை நேரங்களில்தான். பள்ளியை முடிவு செய்த பிறகு வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.

தாள்களைப் பற்றிச் சுருக்கமாக: உங்கள் மகளுக்குப் படிப்பு விசா தேவை, அதற்குப் பள்ளியின் சேர்க்கைக் கடிதம் வேண்டும். ஆகவே மதுரையில் இருக்கும்போதே பள்ளியோடு கடிதத் தொடர்பைத் தொடங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை ஆங்கிலத்தில் தயாராக வைத்திருங்கள்.

தமிழைப் பற்றிக் கேட்டீர்கள். மெட்ரிக் தேர்வில் தமிழும் ஒரு பாடமாக இருக்கிறது. அதைக் கற்பிக்கும் பள்ளிகள் மிகச் சில. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் உங்கள் மகளின் வகுப்பில் இருப்பார்கள். நாயுடு, பிள்ளை, கவுண்டரிலிருந்து வந்த கோவெண்டர், முதலியிலிருந்து வந்த மூட்லி என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் நம் ஊர் போலிருக்கும். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலமே. தைப்பூசக் காவடியையும் புரட்டாசி விரதத்தையும் நம்மைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் அவர்கள், “தமிழ் தெரியாதா?” என்று உங்கள் மகள் வியந்து கேட்டுவிடக் கூடாது என்று முன்னமே சொல்லிவைங்கள். கோயில்களிலும் தமிழ்ச் சங்கங்களிலும் வார இறுதி வகுப்புகள் உண்டு. எட்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள் அங்கே சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகட்டும். மாணவியாகப் போவதைவிட அது அவள் தமிழைக் காக்கும்.

கேள்வி: நான் இலங்கையிலிருந்து வந்து ஃபீனிக்ஸில் குடியிருப்பவன். வரும் ஜனவரியில் வேலை நிமித்தமாக ஜோஹன்னஸ்பர்க் செல்கிறோம். மிட்ராண்ட் பக்கம் வீடு. மகன் இப்போது கிரேடு 9. கௌட்டெங் மாகாண ஆன்லைன் விண்ணப்பத்தில் கிரேடு 10-ஐக் காணவில்லை. இங்கே ஜூலு படிக்கிறான். அங்கே என்ன செய்வது?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: ஐயா, அந்த ஆன்லைன் முறை கிரேடு 1, கிரேடு 8 ஆகிய இரண்டு நுழைவு வகுப்புகளுக்கு மட்டுமே. கிரேடு 10-க்குப் பள்ளிகளிடம் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்தை அணுகலாம். நீங்கள் செல்லும் நேரம் நல்ல நேரம்தான். கிரேடு 10-இன் முதல் நாளில் எல்லோரும் புதிய பாடங்களைத் தொடங்குகிறார்கள். ஓராண்டு தள்ளிப் போயிருந்தால் மிகவும் கடினமாக இருந்திருக்கும்.

இரண்டாம் மொழியை நீங்கள் கவனித்தது சரி. ஜோஹன்னஸ்பர்க் சுற்றுவட்டாரத்தில் சில பள்ளிகள் ஆப்பிரிக்கான்ஸ் மட்டும் வைத்திருக்கின்றன. சிலவற்றில் ஜூலுவோ செபெடியோ உண்டு. உங்கள் மகன் இந்த நாட்டில் தொடக்கப் பள்ளியிலிருந்தே படித்தவனானால், மேலே சொன்ன குடியேறியோர் சலுகை அவனுக்குப் பொருந்தாது. கிரேடு 10-இல் ஆப்பிரிக்கான்ஸை எழுத்திலிருந்து தொடங்கி மூன்று ஆண்டுகளில் மெட்ரிக் எழுதுவது அவன் மற்ற பாடங்களுக்கான நேரத்தையும் தின்றுவிடும். ஆகவே ஜூலு இல்லாத பள்ளி எவ்வளவு பெயர் பெற்றதானாலும் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பாடத் தொகுப்பு. இப்போதைய பள்ளியில் மூன்றாம் பருவத்தில் பாடத் தேர்வுப் படிவம் கொடுப்பார்கள். அவன் அதில் பிசிக்கல் சயின்சஸ், கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் என்று எழுதிவிட்டு வரலாம். புதிய பள்ளியின் கால அட்டவணையில் கணக்கியலும் பிசிக்கல் சயின்சஸும் ஒரே நேரத்தில் அமைந்திருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். பள்ளி அந்தப் பாடங்களைக் கற்பிக்கிறது என்று கேட்டறிந்தால் மட்டும் போதாது. அவற்றைச் சேர்த்து எடுக்க இடமிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

கணிதத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 2011-இல் நாங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு மாறியபோது எங்கள் மகன் கிரேடு 10. ஆண்டு நடுவில் சென்றதால் கணித வகுப்பில் இடமில்லை என்று அந்தப் பள்ளி அவனை ‘மேத்ஸ் லிட்’ என்ற பாடத்தில் உட்கார வைத்தது. வட்டி, வரி, அளவை, வரைபடம் போன்ற அன்றாடக் கணக்குகளைக் கற்பிக்கும் பயனுள்ள பாடம்தான் அது. ஆனால் பொறியியல், மருத்துவம், பல வணிகப் பட்டங்கள் ஆகியவற்றுக்கான சேர்க்கையில் அது கணிதத்துக்கு ஈடாகாது. தஞ்சாவூரில் படித்த எனக்கு, கணிதத்தில் இரண்டு வகை உண்டு என்பதே அப்போது தெரியாது. மதிப்பெண் அட்டையில் 82 என்று கண்டபோது பாயசம் வைத்தேன். மறு ஆண்டு அவன் பொறியியல் கல்லூரி ஒன்றின் தகுதிப் பட்டியலை எடுத்து வந்து காட்டிய பிறகே புரிந்தது. கணிதத்திலிருந்து மேத்ஸ் லிட்டுக்கு இறங்குவது எளிது. அங்கிருந்து ஏறி வருவது மிக மிகக் கடினம். வேறொரு பள்ளியில் மறுபடியும் கிரேடு 10-இலிருந்து படித்தான். அந்த ஓராண்டை நான்தான் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்ற எண்ணம் எனக்கு இன்றும் உண்டு. உங்கள் மகனின் சேர்க்கைக் கடிதத்தில் ‘மேதமேடிக்ஸ்’ என்ற சொல் முழுதாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், எழுதித் தரும்வரை அந்த இடத்தை உறுதி செய்யாதீர்கள்.

இப்போதைய பள்ளியில் டிசம்பர் மதிப்பெண் அட்டையும் மாற்று அட்டையும் வாங்காமல் கிளம்ப வேண்டாம். பள்ளிகள் மூடிய பிறகு ஜனவரி நடுவரை அலுவலகத்தில் யாரையும் பிடிக்க முடியாது.

கேள்வி: வேலை இழந்து, நியூகாசிலிலிருந்து டர்பனில் அண்ணன் வீட்டுக்குக் குடிபோகிறோம். மகன் கிரேடு 8-க்குச் செல்ல வேண்டும். அருகிலுள்ள அரசுப் பள்ளியில் பதிவுக் கட்டணமும் நுழைவுத் தேர்வும் கேட்கிறார்கள். கட்டணம் இல்லாத பள்ளிக்குத்தான் போக வேண்டுமா?
– ஒரு வாசகி, நியூகாசில்

பதில்: வேண்டியதில்லை அம்மா. 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டப்படி, அரசுப் பள்ளி சேர்க்கைக்காகத் தேர்வு வைக்கக் கூடாது. பள்ளிக் கட்டணத்தைத் தவிரப் பதிவுக் கட்டணம் என்று தனியே வாங்கவும் கூடாது. கட்டணம் செலுத்த இயலாத பெற்றோரின் பிள்ளை என்பதற்காகச் சேர்க்க மறுக்கவும் கூடாது. தனியார் பள்ளிகள் தேர்வு வைக்கலாம். அரசுப் பள்ளிக்கு அந்த உரிமை இல்லை. கட்டணப் பள்ளியில் சேர்த்த பிறகு கட்டண விலக்குக்கு விண்ணப்பப் படிவம் கேளுங்கள். பெற்றோர் இருவரின் ஆண்டு மொத்த வருமானத்தில் பள்ளிக் கட்டணம் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வந்தால் முழு விலக்குக்கு உரிமை உண்டு; அதற்குக் கீழே பகுதி விலக்கு இருக்கிறது. பள்ளியின் ஆட்சிக் குழு மறுத்தால் மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். சேர்க்கையே மறுக்கப்பட்டால், மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்து மாகாணக் கல்வி அமைச்சர்வரை முறையிட வழி இருக்கிறது. 2024-இல் கையெழுத்தான திருத்தச் சட்டம், சேர்க்கையில் இறுதி முடிவை ஆட்சிக் குழுவிடம் விடாமல் கல்வித் துறைத் தலைவரிடம் கொடுத்திருப்பதும் உங்களுக்கு உதவும். அண்ணன் வீட்டு முகவரிக்குச் சான்றாக, நீங்கள் அங்கே குடியிருப்பதாக அவர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால், அதை மாநகராட்சிக் கட்டணச் சீட்டோடு இணைத்துக் கொடுங்கள். விலக்கு கேட்பதைப் பிச்சை கேட்பதாக நினைத்துத் தலை குனிய வேண்டாம். சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்கிறீர்கள்.

கேள்வி: மகள் பெரியவளானபோது என் மாமியார் மூக்குத்தி போட்டுவிட்டார். இப்போது ஊர் மாறிப் போகும் இடத்தில், எங்களுக்குப் பிடித்த பெண்கள் பள்ளியின் ஒழுங்கு விதியில் காதில் ஒரு தோடு தவிர வேறு நகை கூடாது என்று இருக்கிறது. வேறு பள்ளி பார்ப்பதா?
– ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பள்ளி மற்ற எல்லா வகையிலும் பிடித்திருந்தால் இதற்காக மாற்ற வேண்டாம். இந்தக் கேள்வி நம் சமூகத்துப் பெண் ஒருத்தியால் இந்த நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் வரை சென்று தீர்ந்த கேள்வி. டர்பனில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்த அந்தப் பிள்ளை 2004-இல் விடுமுறை முடிந்து மூக்குத்தியோடு வகுப்புக்கு வந்தாள். தென்னிந்தியக் குடும்பங்களில் பெண் பருவமடையும்போது மூக்குத்தி அணிவிக்கும் வழக்கத்தைத் தாய் விளக்கி எழுதியும் பள்ளி ஏற்கவில்லை. சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 2007 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம், தலைமை நீதிபதி பியஸ் லங்கா எழுதிய தீர்ப்பில், பள்ளி அவளுக்கு விலக்கு அளித்திருக்க வேண்டும் என்று உறுதி செய்தது. சமயம் கட்டாயப்படுத்தாத, ஒருவர் தாமே விரும்பி மேற்கொள்ளும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் உயிர். சமய, பண்பாட்டு வழக்கங்களுக்கு இடமளிக்கும்படியும், விலக்கு கேட்பதற்கான நடைமுறையோடும் விதிகளைத் திருத்துமாறு அந்தப் பள்ளிக்கு உத்தரவும் இட்டது. தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பெண் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டாள். பலன் உங்கள் மகளுக்கு வந்திருக்கிறது.

ஆகவே சேர்க்கை விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் வையுங்கள். வழக்கத்தை இரண்டு பத்திகளில் விளக்கி, சிறிய தங்கப் பொட்டு மூக்குத்தி என்று சொல்லி, விலக்கு வேண்டும் என்று கேளுங்கள். தீர்ப்பை முதல் கடிதத்திலேயே எடுத்து நீட்ட வேண்டாம். பெரும்பாலான தலைமையாசிரியர்கள் இந்த வழக்கை அறிவார்கள், கேட்டால் தருவார்கள். விளையாட்டு நேரத்தில் அதன்மேல் ஒட்டு போட்டுக்கொள்ள உங்கள் மகள் சம்மதிக்கிறாளா என்று அவளிடமே கேட்டு, அவள் சொல்லும் பதிலையும் கடிதத்தில் எழுதுங்கள். ஒருவேளை மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.